மதனப்பள்ளியில் வாழ்ந்த மார்கரெட் அம்மையார்

மதனப்பள்ளி என்றால் நம்முள் பலருக்கு முதலில் நினைவிற்கு வருவது தக்காளி. தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தித்தாள்களில் அவ்வூர்ச் சந்தையின் பெயர் அடிபடுகிறது. விடுமுறை நாள்களில் ஆர்ஸ்லி குன்றுக்குப் போய்வந்த தோழர்களுக்கு அது வழியில் தேநீர் அருந்த இறங்கிய ஊர். தத்துவத்தில் நாட்டம் உடையவர்க்கு ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர். ஆனால், அவ்வூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியை நம் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் அறிவர்? திருப்பதியிலிருந்து பீலேறு வழியாகச் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்துகொண்டு, அவரைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே பட்டம் பெற்றுப் போய்விடுகிறோம். அவர்தாம் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். இந்திய நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் வடித்து ஆட்சியாளர் முன் வைக்க வழிசெய்தவர் அவர்.

நான் வேதியியல் மாணவி. வரலாறு எனக்குப் பாடம் அன்று. ஆயினும், நம் சங்க மலருக்குப் பெண்கள் வாக்குரிமை பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டபோது, இலண்டனையும் அமெரிக்காவையும் பற்றி எழுதுவதைவிட, நாம் வாழும் இம்மண்ணில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதுவதே பொருந்தும் என்று எண்ணினேன்.

அயர்லாந்து நாட்டில் ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் மார்கரெட் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், அவர்களுள் மூத்தவர் இவரே. வீட்டில் தம்பியர்க்கு ஒரு நீதி, தங்கையர்க்கு ஒரு நீதி என்பதைக் கண்டே வளர்ந்தார். படிப்பில் சிறந்து விளங்கியதால் உதவித்தொகை பெற்று டெர்ரி நகரப் பள்ளியில் பயின்றார். பின்னர் டப்ளினில் இசை கற்று, 1902-இல் இசைத்துறையில் பட்டம் பெற்றார். பியானோ வாசிப்பதில் வல்லவர். இந்த இசைப் பயிற்சி பிற்காலத்தில் நம் நாட்டிற்கே ஒரு பெரும் பயனைத் தந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1903-இல் ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் கவிஞரை மணந்தார். ஜேம்ஸ், கவிஞர் யேட்ஸ் முதலியோரோடு அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியில் பங்கு கொண்டவர். இருவரும் புலால் உண்ணாதவர். இருவருக்கும் பிரம்மஞான சபையில் ஈடுபாடு. மனைவி சிறை செல்லத் துணிந்தபோது தடுக்காமல் துணைநின்ற கணவர் என்பதற்காகவே ஜேம்ஸை நான் மதிக்கின்றேன். நூறாண்டுகட்கு முன் அத்தகைய கணவர் எந்த நாட்டிலும் மலிந்திருக்கவில்லை. இன்று மலிந்துள்ளனரா என்பதை நம் தோழியர்தாம் சொல்லவேண்டும்.

அக்காலத்தில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. வரி செலுத்தலாம், சட்டத்தை மீறினால் சிறைக்குப் போகலாம், ஆனால் அச்சட்டத்தை ஆக்குபவரைத் தேர்ந்தெடுக்க இயலாது. நியூசிலாந்து 1893-லேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்துவிட்டது. உலகத்திற்கெல்லாம் பாராளுமன்ற முறையைக் கற்றுக் கொடுத்ததாகப் பெருமை பேசிய பிரிட்டனோ பல்லாண்டுகளாக மறுத்துக்கொண்டே இருந்தது. 1908-இல் மார்கரெட், ஹான்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்னும் தோழியுடன் சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். தெருமுனையில் நின்று பேசினார், ஊர்ஊராகச் சென்றார், கேலிக்கும் கூச்சலுக்கும் இடையே பேசப் பழகினார்.

1910 நவம்பரில் டப்ளினிலிருந்து சென்ற பெண்கள் அறுவருள் ஒருவராக அவர் இலண்டனில் இருந்தார். பாராளுமன்றத்தை நோக்கிப் பெண்கள் அணிவகுத்துச் சென்றனர். காவலர் அவர்களை அடித்துத் தள்ளிக் கைது செய்தனர், பலர் காயமுற்றனர். அதன் பின்னர் அமைச்சர்களின் வீட்டுக் கண்ணாடிச் சன்னல்களை உடைப்பது என்று பெண்கள் முடிவு செய்தனர். மார்கரெட்டும் கல்லெறிந்தார்; ஹாலோவே சிறையில் ஒரு மாதம் கிடந்தார். 1913 சனவரியில் மீண்டும் அதே கதை. இம்முறை டப்ளின் கோட்டையின் சன்னல்கள். அயர்லாந்திற்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவில் பெண்களுக்கு வாக்கு இடம்பெறவில்லை என்பதே காரணம். டல்லமோர் சிறையில் அடைத்தனர். தம்மை அரசியல் கைதியாக நடத்தவேண்டும் என்று உண்ணாநோன்பு இருந்து அவ்வுரிமையைப் பெற்றார்.

கல்லெறிவது சரியா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நான் அதற்கு வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று கூறுவேன்: ஐம்பது ஆண்டுகள் மனு எழுதியும் கேளாத செவிகள், கண்ணாடி உடையும் ஓசையைக் கேட்டன. மேலும், இந்தியாவிற்கு வந்த பிறகு அம்மையார் ஒருபோதும் கல்லெடுக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இங்கே அதற்குத் தேவை ஏற்படவில்லை. ஏன் ஏற்படவில்லை என்பது சுவையான கேள்வி, அதற்கு வருவேன்.

1915-ஆம் ஆண்டு இறுதியில் கணவனும் மனைவியும் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அன்னி பெசண்டு அம்மையார் நடத்திய நியூ இந்தியா நாளிதழில் ஜேம்ஸுக்கு வேலை. அவ்வேலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1916-இல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த அவ்வீரர்களைப் பாராட்டி ஜேம்ஸ் எழுதினார். அதனால் வேலை போயிற்று. வேலை இழந்தவரைப் பெசண்டு அம்மையார் கைவிடவில்லை. மதனப்பள்ளியில் பிரம்மஞானக் கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பி வைத்தார். டப்ளினில் நடந்த ஒரு புரட்சி, ஓர் இணையரைக் கொண்டுவந்து நம் சித்தூர் மாவட்டத்தில் சேர்த்தது! அன்று மதனப்பள்ளி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது கடப்பையிலிருந்து பிரித்து அதனுடன் சேர்க்கப்பட்ட ஊர் அது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரை விட்டு விலகிற்று.

மதனப்பள்ளியில் மார்கரெட்டுக்கு யாரையும் தெரியாது. தெலுங்கு தெரியாது. அங்குள்ள பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இந்த இடத்தைப் படிக்கும்போது என் நெஞ்சம் நெகிழ்ந்தது. எங்கள் குடும்பம் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குப் பிழைக்க வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. பள்ளியில் முதல் ஓராண்டு, ஆசிரியை சொல்வது புரியாமல், பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்தே எழுதினேன். வேற்றூரில் வாய் இருந்தும் ஊமையாய் இருப்பது எத்தகையது என்பதை நம் சங்கத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு வந்தவர் வீட்டிற்குள் முடங்கிக் கிடந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார். மார்கரெட் முடங்கவில்லை. 1916-இல் அவ்வூர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அபலா அபிவர்த்தினி சமாஜம் என்பது அதன் பெயர். அபலை என்றால் வலிமை இல்லாதவள். அபலைகளை உயர்த்தும் சங்கம் என்று பொருள். இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே உண்ணாநோன்பு இருந்தவர் நடத்திய சங்கத்திற்கு இப்படி ஒரு பெயர்! அக்கால வழக்கம் அது. பெயர் அபலையாயினும் அங்கே கூடிய பெண்கள் வெளியுலகச் செய்திகளைப் பேசினர். ஒருவரோடொருவர் சாதி கடந்து பழகினர். வீட்டை விட்டு வெளியே வந்து ஓரிடத்தில் கூடுவதே அன்று பெரிய செயல்.

1917 மே 8-ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. பெசண்டு அம்மையார் தலைவர். மார்கரெட்டும் டாரதி ஜினராஜதாசரும் முன்னின்று உழைத்தனர். சாதி, சமயம், இனம் பாராமல் நாடு முழுவதற்கும் கிளைகள் வைத்து நடந்த முதல் பெரும் மகளிர் சங்கங்களுள் இதுவும் ஒன்று. ஸ்திரீ தர்மம் என்னும் இதழையும் 1918 முதல் நடத்தினர். ஆங்கில இதழேயாயினும் அதில் தமிழ், தெலுங்குப் பகுதிகளும் இடம்பெற்றன.

இனி, முக்கியமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1917 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிற்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதாக அறிவித்தது. இந்திய மந்திரி எட்வின் மாண்டேகு நேரில் வந்து, அரசப்பிரதிநிதி செம்ஸ்போர்டுடன் ஊர்ஊராகச் சென்று தூதுக்குழுக்களைக் கண்டு கருத்துக் கேட்டார். சாதிக்கொரு குழு, சமயத்திற்கொரு குழு, நிலச்சுவான்தார்களுக்கு ஒரு குழு எனப் பலர் வரிசையில் நின்றனர். பெண்கள் சார்பாக யாரும் இல்லை. பெண்களின் கல்விக்காக ஒரு குழு சென்று கேட்கலாம் என்று மார்கரெட் எண்ணினார். அனுமதி கேட்டு எழுதினார். அரசியல் சீர்திருத்தம் தொடர்பான கோரிக்கைகளை மட்டுமே கேட்க இயலும் என்று மறுமொழி வந்தது.

இங்கே நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அலுவலகம் மறுத்துவிட்டது என்று தாளை மடித்து வைத்திருப்போம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதிய மனுக்களே அப்படித்தானே முடிகின்றன! மார்கரெட் வேறு வகையாகச் சிந்தித்தார். அரசியல் கோரிக்கைதானே வேண்டும்? அப்படியானால் அரசியலையே கேட்போம். கல்விக்குப் பள்ளிக்கூடம் தருக என்று கேட்கப் போனவர்கள், பள்ளிக்கூடம் கட்டும் சட்டமன்றத்தில் வாக்கைத் தருக என்று கேட்டார்கள். மறுப்பு என்று வந்த கடிதம் வாயிலாயிற்று.

1917 டிசம்பர் 18-ஆம் நாள் சென்னையில் பதினான்கு பெண்கள் மாண்டேகுவைச் சந்தித்தனர். சரோஜினி நாயுடு அம்மையார் தலைமை தாங்கிப் பேசினார். பெசண்டு அம்மையார், பேகம் ஹஸ்ரத் மொஹானி முதலியோரும் குழுவில் இருந்தனர். வாக்குரிமைக்கு விதிகள் வகுக்கும்போது பெண்களையும் மக்கள் என்றே கொள்ளவேண்டும், ஆணுக்கு எந்தத் தகுதியோ அதே தகுதி பெண்ணுக்கும் போதும், பெண்ணாய்ப் பிறந்ததே தகுதிக்குறைவு ஆகக்கூடாது என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். கல்வியையும் மருத்துவத்தையும் பற்றிய கோரிக்கைகளும் உடன் இருந்தன.

நாளைக் கவனியுங்கள். அன்று பிரிட்டனிலேயே பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்கு இல்லை. 1918 பிப்ரவரியில்தான், அதுவும் முப்பது வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கு மட்டும் அது கிடைத்தது. ஆணுக்கு நிகராக 1928-இல்தான் கிடைத்தது. தன் நாட்டுப் பெண்களுக்கே கொடாத ஒன்றை அடிமை நாட்டுப் பெண்கள் வந்து கேட்டபோது மாண்டேகுவின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையாக இருக்கிறது.

கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகத்தின் பழக்கவழக்கங்களுக்கு இது ஒவ்வாது, கோஷா முறை இருக்கும் நாட்டில் பெண்கள் எப்படி வாக்குச் சாவடிக்கு வருவார்கள் என்று கூறிக் கைவிரித்தது. மாதர் சங்கம் கண்டனக் கூட்டங்கள் நடத்தியது. 1918-இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாட்டில் சரோஜினி அம்மையார் தீர்மானம் கொண்டுவந்து வெற்றி கண்டார். அவரும் பெசண்டு அம்மையாரும், பம்பாயின் ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதானும் இலண்டனுக்கே சென்று வாதாடினர். இறுதியில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தந்திரமான வழியைக் கண்டது: பெண்ணுக்கு வாக்குத் தருவதும் மறுப்பதும் அந்தந்த மாகாணச் சட்டமன்றத்தின் விருப்பம். இந்தியர்கள் எங்கே கொடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு அதனுள் மறைந்திருந்தது என்பது என் கருத்து.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. 1921-ஆம் ஆண்டு, நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்குத் தடையாயிருந்த விதியை நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் சென்னையே முதல். அவ்வாண்டிலேயே பம்பாயும் பின்தொடர்ந்தது. ஐக்கிய மாகாணம் 1923-இல். வங்காளம் சில ஆண்டுகள் கழித்து. சுதேச சமஸ்தானங்களுள் திருவாங்கூர் முன்னரே வழிகாட்டிவிட்டது. அன்று சென்னை மாகாணம் என்றால் சித்தூரும் திருப்பதியும் மதனப்பள்ளியும் குடியாத்தமும் எல்லாம் அதில் அடக்கம். தமிழகமும் ஆந்திரமும் பிரிந்து நின்று பெருமை பேசிக்கொள்ளத் தேவையில்லாத வெற்றி இது.

பிரிட்டனில் கல்லும் சிறையும் தேவைப்பட்டது. இங்கே சில மணி நேர விவாதத்தில் முடிந்தது. ஏன்? இந்திய ஆடவர் பெருந்தன்மை மிக்கவர் என்று மகிழ்ந்துகொள்ளலாம். அம்மையாரே இந்திய ஆடவரைப் பாராட்டி எழுதியுள்ளார். நான் அவ்வளவு விரைவில் பாராட்ட அணியமாக இல்லை. அன்றைய வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டது. ஆடவருள்ளும் சிலர்க்கே வாக்கு. தம் பெயரில் நிலமும் வரியும் உடைய பெண்கள் எத்தனை பேர்? மொத்தப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட வாக்காளர் ஆகவில்லை. கொடுத்தவர்க்கு இழப்பு ஒன்றும் இல்லை. கூலிக்கு நாற்று நட்ட பெண்ணுக்கு 1921 எதையும் தரவில்லை. ஆனாலும், பெண் என்பதே தடை என்ற சொல் சட்டத்திலிருந்து அழிந்தது. பின்னால் வந்தவர்கள் விரிவாக்க வேண்டியிருந்ததே தவிர, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையே 1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத தாகூர் ஓய்வெடுக்க மதனப்பள்ளிக் கல்லூரிக்கு வந்தார். ஓரிரவு மாணவரும் ஆசிரியரும் கூடிப் பாடும் நிகழ்ச்சியில் தாம் முன்னரே இயற்றிய ஜனகணமன பாடலைப் பாடினார். மாணவர்கள் மகிழ்ந்து உடன் பாடினர். கவிஞர் அப்பாடலை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்ததும் அங்கேதான். மார்கரெட் அம்மையார் தம் இசைப் பயிற்சியைக் கொண்டு அதன் மெட்டிற்குச் சுரக்குறிப்பு எழுதினார். 1950-இல் நாட்டுப் பண்ணான அப்பாடலை நாம் பட்டமளிப்பு விழாவில் எழுந்து நின்று பாடும்போது, இந்தப் பக்கத்துச் சிற்றூரையும் ஒருகணம் நினைக்கலாம். அம்மையாரைப் பற்றித் தெரிந்தவர்களும் இந்த ஒன்றை மட்டுமே தெரிந்து வைத்திருக்கின்றனர் என்பது எனக்குச் சிறிது வருத்தந்தான். மெட்டை எழுதியவர் என்ற புகழ், மனுவை எழுதியவர் என்ற புகழை மறைத்துவிட்டது.

பின்னர் மங்களூரில் பெண்கள் தேசியப் பள்ளிக்கு முதல் தலைமையாசிரியை ஆனார். 1922-இல் சென்னையில் கௌரவ நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியாவில் அப்பதவி பெற்ற முதல் பெண் அவர். இரண்டு நாடுகளில் கைதிக் கூண்டில் நின்றவர் நீதி வழங்கும் நாற்காலியில் அமர்ந்தார். 1926-இல் பெண்கள் சட்டமன்றத்திற்குப் போட்டியிடலாம் என்ற உரிமையும் கிட்டியது. உடனே கமலாதேவி சட்டோபாத்யாயாவைத் தூண்டி நிற்கச் செய்து, அவருக்காக ஊர்ஊராகச் சென்று வாக்குச் சேகரித்தார். கமலாதேவி மிகச் சில வாக்குகளில் தோற்றார். ஆயினும், புதுக்கோட்டை தந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நியமன உறுப்பினராகச் சென்னைச் சட்டமன்றம் புகுந்து துணைத் தலைவரும் ஆனார். அவர் அங்கே தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவரை உறுப்பினராக்க முயன்றதும் மாதர் சங்கந்தான்.

1927 சனவரியில் புனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. பரோடா மகாராணி தலைமை தாங்கினார். அதைக் கூட்டும்படி நாடெங்கும் கடிதம் எழுதியவர் மார்கரெட். 1931-இல் லாகூரில் ஆசியப் பெண்கள் மாநாட்டிற்கும் அவரே தூண்டுகோல். எங்கள் துறையில் வினையூக்கி என்று ஒன்றைச் சொல்வார்கள்: சிறிதளவே இருந்து, பெரிய வினையை விரைவாக்கும், முடிவில் தான் மாறாமல் வெளியே வரும். அம்மையாரை வினையூக்கி என்று எழுதலாமா என்று எண்ணினேன். உவமை பாதிதான் பொருந்துகிறது. அவர் மாறாமல் வெளியே வரவில்லை. இந்தியா அவரை மாற்றியது.

அந்த மாற்றத்திற்குச் சான்று 1932. காந்தியடிகளின் இயக்கத்தை ஒடுக்க அரசு அவசரச் சட்டங்கள் போட்டது. பேச்சுரிமை பறிபோயிற்று. அவற்றைக் கண்டித்து அம்மையார் சென்னையில் பேசினார். நன்னடத்தைக்குப் பிணை கட்டினால் விட்டுவிடுவோம் என்றது அரசு. மறுத்தார். ஓராண்டுத் தண்டனை. 1932 டிசம்பர் முதல் 1933 அக்டோபர் வரை வேலூர்ப் பெண்கள் சிறையில் இருந்தார். வெள்ளைத் தோல் கொண்ட, நீதிபதியாக இருந்த, ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி, வேறொரு நாட்டின் பேச்சுரிமைக்காக வேலூரில் சிறையிருந்தார். நான் குடியாத்தத்திற்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் வேலூரைக் கடந்தே போகிறேன். கோட்டையைக் காட்டுவார்கள், பொற்கோயிலுக்கு வழி காட்டுவார்கள். இதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

வாக்குரிமையைப் பற்றிய சண்டை அத்துடன் முடியவில்லை. 1930-களில் ஆங்கில அரசு பெண்களுக்கு வாக்கைப் பெருக்க முன்வந்தது. ஆனால் வாக்குள்ளவனின் மனைவி, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நிபந்தனைகள் வைத்தது. சமய வாரியாகத் தனி இடங்களும் ஒதுக்கியது. மாதர் சங்கங்கள் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும், தனி இடம் வேண்டா என்றன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ அறுபது இலட்சம் பெண்கள் வாக்காளர் ஆயினர். அதற்கு முன்பே, 1931-இல், பக்கத்து இலங்கையில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குக் கிடைத்துவிட்டது. அதை எதிர்த்தவர்களுள் நம்மவரான சர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். தமிழர் பெருமையைப் பேசும் சங்கத்தில் இதையும் சொல்லி வைப்பது நலம். ஒதுக்கிடம் வேண்டுமா வேண்டாவா என்ற அந்தப் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. 2023-இல் அரசியல் சட்டத்தின் 106-ஆம் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவருவதாக எழுதி வைத்தனர். அம்மையார் தலைமுறையினர் ஒதுக்கீட்டை மறுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். போட்டியிட்டே வந்துவிடலாம் என்று அவர்கள் நம்பினர். எத்தனை பேரைக் கட்சிகள் நிறுத்தின என்பதை அதன்பின் வந்த தேர்தல்கள் காட்டிவிட்டன.

1936-இல் அகில இந்திய மாதர் மாநாட்டிற்கு அம்மையார் தலைவரானார். அதற்குப் பின் அவர் செய்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. இந்தியப் பெண்களின் இயக்கத்தை இனி இந்தியப் பெண்களே நடத்தவேண்டும் என்று உணர்ந்து மெல்ல ஒதுங்கிக்கொண்டார். வெளியிலிருந்து வந்தவர் எவ்வளவு தூரம் பேசலாம், எங்கே நிறுத்தவேண்டும்? இது வந்து குடியேறியவர் எல்லார்க்கும் உள்ள கேள்வி. வந்த ஊரின் நன்மைக்கு உழைக்காதவனை ஊர் மதிப்பதில்லை; மிகுதியாக உழைத்தாலோ, இவன் யார் என்று கேட்கிறது. அம்மையார் இருபது ஆண்டுகள் முன்னே நின்றார். ஆள் வந்ததும் பின்னே நகர்ந்தார். இரண்டையும் செய்யத் தெரிந்தவர் சிலரே.

1944 முதல் வாத நோயால் படுக்கையில் வீழ்ந்தார். கையில் பொருள் இல்லை. சென்னை அரசும் பின்னர் பிரதமர் நேருவும் அவர் தொண்டை மதித்துப் பண உதவி அளித்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1950-இல் வெளிவந்தது. அதே ஆண்டு இந்தியக் குடியரசின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொத்து, படிப்பு, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வயது வந்தோர் எல்லார்க்கும் வாக்குக் கிடைத்தது.

ஆனால் 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கச் சென்றவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். வட மாநிலங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். பெயர் சொல்லாவிட்டால் பட்டியலில் இடமில்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் அவர்களுள் பலர் தம் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டனர். என் பாட்டி இன்றும் அஞ்சல்காரர் வந்து பெயர் கேட்டால் முதலில் தாத்தா பெயரையே சொல்வார். வாக்குச் சாவடியில் மட்டும் தம் பெயரைச் சொல்வார். ஐந்தாண்டிற்கு ஒருமுறையாவது உரக்கச் சொல்கிறேனே என்று சிரிப்பார்.

நம் கதை என்ன? 2024 தேர்தலின்போது ஆந்திரத்தில் ஆண் வாக்காளரைவிடப் பெண் வாக்காளரே மிகுதி. ஆனால் எங்கள் விடுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழியர் பலருக்கு ஊரில் பெயர் உண்டு, தேர்தலன்று போக இயலவில்லை; வேறு சிலருக்கு எங்குமே பெயர் இல்லை. படிக்கும் ஊரில் விடுதி முகவரியிலேயே மாணவர் பதிவு செய்துகொள்ள விதி இடந்தருகிறது. கல்லூரித் தலைவரின் சான்று போதும். புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6. இடம் மாறுவோருக்குப் படிவம் 8. ஆனால் ஈரிடத்தில் பெயர் இருத்தல் கூடாது. ஆகவே எங்கே வாக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரா, இங்கா? எங்கள் அறையில் இதைப் பற்றி நடந்த வாதம் இரவு இரண்டு மணிக்கும் முடியவில்லை. பிறந்த ஊரை விட்டுக்கொடுப்பதா என்றாள் ஒருத்தி. குடிநீர் வராதபோது எந்த ஊர்க் குழாயைப் பார்க்கிறாய் என்றாள் மற்றொருத்தி. நான் சித்தூரில் பதிந்துவிட்டேன்.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்து, மதனப்பள்ளியும் சித்தூரும் சென்னையை விட்டு நீங்கின. அடுத்த ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் மார்கரெட் அம்மையார் மறைந்தார். நம் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அந்த 1954-இல்தான். ஜேம்ஸ் மதனப்பள்ளியிலேயே 1956-இல் காலமானார். அவர் பாடம் சொன்ன கல்லூரி பெசண்டு அம்மையாரின் பெயர் தாங்கி இன்றும் அங்கே நடக்கிறது, பெண்களும் படிக்கின்றனர்.